இச்சாயனுக்குத் தெரியாதவை

எஸ் வளைவில் டாரஸ் ஒன்று குறுக்கே படுத்துவிட்டது.
புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் கோழி லாரி,
நடுவில் நான்.
பின்சீட்டை மடக்கி ஒன்பது மூட்டை கேந்தி,
இரண்டு மூட்டை வாடாமல்லி,
மடியில் ஈரத்துணி சுற்றி அரைக் கிலோ பிச்சி, தனி ஆர்டர்.
விடிந்தால் அத்தம்.
புனலூர்க் கடையிலிருந்து சாஜி ஆறு தடவை கூப்பிட்டான்.
ஏழாவதுக்குள் சிக்னல் போய்விட்டது.

வேறு வேலையில்லாமல்
டாஷ்போர்டு பெட்டியைத் துழாவினேன்.
இன்சூரன்ஸ், புகைச் சான்று, காலி மிக்சர் பாக்கெட்,
அதற்கும் அடியில் வண்டியோடு வந்த புத்தகம்.
"பல் டாக்டர் வண்டி, ஒரே கை ஓட்டினது"
என்று புரோக்கர் கொடுத்த நாளிலிருந்து
அது அங்கேயேதான் கிடக்கிறது.

பெட்ரோல் முள்ளுக்குப் பக்கத்தில்
எறும்புத் தலை அளவு ஒரு முக்கோணம்.
டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று காட்டுகிறதாம்.
மூன்று வருசமாய்ப் பங்க் பங்க்காய்
தப்பான பக்கம் நிறுத்தித் திட்டு வாங்கியவள்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுக்கண்ணாடிக்கு அடியில் ஒரு நாக்கு.
தட்டினேன்.
கோழி லாரியின் வெளிச்சம்
தவிட்டு நிறத்துக்கு இறங்கிற்று.

பாரம் ஏற்றினால் விளக்கைத் தாழ்த்த ஒரு திருகு.
(எதிரே வந்து என்னைத் திட்டிய அத்தனை பேருக்கும்
இந்த இடத்தில் ஒரு மன்னிப்பு.)
பெட்டிக்குள்ளேயே ஏசி காற்று வர ஒரு துவாரம்.
பிச்சியை உள்ளே வைத்து மூடினேன்.

ஒரு பக்கத்தில் பென்சில் எழுத்து, மலையாளம்.
பேசுவேன், விலை பேசுவேன், சண்டை போடுவேன்,
வாசிக்கத் தெரியாது.
அடுத்ததிலும் அதே வரி.
நாலாவது இடத்திலும் அதே.
கண்ணாடியை இறக்கி
கோழி லாரி கிளீனரைக் கூப்பிட்டேன்.
ஷிபின், தென்மலைக்காரன்,
தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான்.
செல் வெளிச்சத்தில் வாசித்தான்:
"இச்சாயனு இதறியத்தில்ல."
சிரித்தான்.
"எல்லா இடத்திலும் இதுதான் சேச்சி."

அவன் போனபின் எண்ணினேன். பதினொன்று.
ரிமோட்டைப் பிதுக்கினால் வெளியே வரும் சாவி: இச்சாயனுக்குத் தெரியாது.
பட்டனை அழுத்திப் பிடித்தால் நாலு கண்ணாடியும் ஒன்றாய் இறங்கும்: தெரியாது.
கடைசிக் குறிப்பு
இடப்பக்க சீட்டுக்கு அடியில் ஒரு இழுப்பறை என்றது.

அங்கே மிதியடியைத் தட்டியிருக்கிறேன்,
உதிரி எடுத்திருக்கிறேன்,
ஒருதரம் தோடு விழுந்து தேடியிருக்கிறேன்.
சீட்டின் முன் விளிம்பைத் தூக்கி இழுத்தேன்.
சறுக்கிக்கொண்டு வந்தது.

நாரங்கா மிட்டாய் இரண்டு, உருகி ஒட்டினது.
நாலாய் மடித்த சிவப்பு எல் ஸ்டிக்கர்.
ஒரு எல்.எல்.ஆர். தாள்:
அச்சாம்மா கோஷி, வயது ஐம்பத்து மூன்று.
போட்டோவில் போலீசுக்கு பயந்த மாதிரி முகம்,
கீழுதடு மட்டும் சிரிப்பை அடக்குகிறது.
தேதி தீர்ந்து ஏழு வருசம்.
அப்புறம் லைசென்ஸ் எடுத்தாளா,
அதைத் தாள் சொல்லவில்லை.

புரோக்கர் பொய் சொல்லவில்லை.
அவனுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.
ஞாயிற்றுக்கிழமை பள்ளி விட்டதும்
பல் டாக்டர் தூங்கும் நேரம்
இந்த கிளட்ச்சை இன்னொரு கால் மிதித்திருக்கிறது.

ஒன்றேகாலுக்கு டாரஸை நிமிர்த்தினார்கள்.
வைக்கோல் நகர்ந்தது.
முன்கண்ணாடியின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் விரல்,
உடைந்த மிச்சம் என்று
நகத்தால் நான் நோண்டிக்கொண்டே இருந்தது.
பார்க்கிங் சீட்டு செருகவாம். பக்கம் நாற்பத்தாறு.
அங்கே பென்சில் குறி இல்லை.
ஆக, இது அச்சாம்மாவுக்கும் தெரியாதது.

எல்.எல்.ஆரை அதில் செருகினேன்,
முகம் ரோட்டைப் பார்க்க.
கேந்தி புழுங்கி வாடை தூக்குகிறது,
கிலோவுக்கு முப்பது ரூபாயாவது குறைப்பான் சாஜி.
ஆரியங்காவு வளைவில் தாள் ஒருபக்கம் சாய்கிறது.
செகண்டுக்கு மாற்றினேன்.
அது நிமிர்கிறது.