ஓதம்

வைகாசியில் இந்தச் சுவர் நல்ல பிள்ளை.
பட்டி பார்த்து, மேலே ஒரு கோட் பெயின்ட்,
ரோஜா நிறம், ஓனர் தணிகாசலத்தின் தேர்வு.
கை வைத்தால் வெயில்கூடச் சுடுகிறது.

ஐப்பசியில் கேட்க வேண்டும் இதை.

முதல் மழைக்குத் தரையிலிருந்து கறுப்பு
முழங்கால் ஏறும். அடுத்த மழைக்கு இடுப்பு.
கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டோம்.
மறுவருஷம் இன்னொரு சாண்.
மூன்றாம் வருஷம் நடுவீட்டில் நின்றது
தரை தட்டிய விசைப்படகு மாதிரி.

மாடி வீட்டு பாத்ரூம்தான் என்றார் ஓனர்.
ஷம்ஷாத் சண்டைக்கு வந்தாள்,
பிறகு அவளே டைல்ஸை உடைக்கச் சொன்னாள்.
அடியில் பொட்டு ஈரமில்லை.
"அப்ப நீங்கதான். ஜன்னலத் தொறக்காம சோறு வடிக்கிறீங்க,
துணிய உள்ள காயப்போடுறீங்க."
ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.
நடுவில் நாலு விரல் நுழையும்.

கொத்தனார் எபநேசர் ஆணியால் காரையைச் சுரண்டி
நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார்.
"சோப்பு கசப்பு இல்ல, மேலருந்து வர்ல.
மருந்து வாசன இல்ல, பைப்பும் இல்ல.
உப்பு. கட்டும்போதே கடல் மண்ண போட்டுக்கீறான்.
அத்த வுடு, வாசல்ல போயி நில்லு.
ரோடு எங்க கீது, நீ எங்க கீற?"

நின்றேன்.
குடிவந்தபோது மூன்று படி ஏறினோம்.
சுரண்டாமல் தார்மேல் தார் போட்டு
இப்போது ஒரு படி இறங்குகிறோம்.
காசிமேட்டு மழையெல்லாம்
எங்கள் அடிச்சுவரில் சாய்ந்து உட்காருகிறது.

ஓதம் என்றால் கடலலை என்றும் பொருளாம்,
செய்யுள் படித்துக்கொண்டே சொன்னான் மகன்.
அவனுடைய பத்தாவது மார்க் ஷீட்
பீரோவுக்குள் பூசணம் பூத்த வாரம் அது.

காலி செய்கிறோம்.
அட்வான்ஸ் நாற்பதாயிரம்.
அடுத்த ஆள் கொடுத்தால்தான் கைக்கு வரும்.

இன்று வந்தார்கள். அவள் லிடியா, ஆறாம் மாசம்.
அவன் குழாயைத் திறந்து மூடினான்,
மின்விசிறியைச் சுற்றவிட்டான்.
அவள் மட்டும் ரோஜாச் சுவரில்
உள்ளங்கையை வைத்தாள், வெகுநேரம்.
"ஓதம் காக்குமாக்கா?"

ஓனர் என் பின்னால் நின்றார்.
கொருக்குப்பேட்டை வீட்டுக்கு நாளை கெடு.

"கட்டில மட்டும் இந்தப் பக்கம் போடாதம்மா.
அந்தப் பக்கம்தான் காத்து வரும்" என்றேன்.

அந்தப் பக்கம் ஜன்னலே இல்லை.
அவளும் பார்த்தாள்.