எட்டுக் காலி இடம்

செம்பனை ஆலை வாசலில்
பத்து வருஷம் கார்டு விழுங்கிய வருகை இயந்திரம்
போன மாதம் ஆ லோக்கின் இரும்புக் கடைக்கு வந்தது.
அதன் நெற்றியில் இருந்த சின்னத் திரையை மட்டும்
ஆறு வெள்ளிக்குக் கேட்டேன்.
"அஞ்சு குடு. எரியுமான்னு மட்டும் கேக்காத."

எரிந்தது. பாசிப் பச்சை.
பிந்தி வந்தவனுக்கெல்லாம்
சிலா சுபா லாகி என்று சொன்ன வாயில்
இப்போது பதினாறு கறுப்புக் கட்டம்,
ஒரு சொல் இல்லை.

பலகையில் பெஸ்தாரி ஜெயா,
பஸ்ஸில் ஏறினால் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை.
எந்தப் பெயரில் கூப்பிட்டாலும்
குழாய்க்குத் தண்ணீர் இரவு இரண்டுக்குத்தான்.
முன்பெல்லாம் நீலா
துடைப்பக் கட்டையால் தொட்டியைத் தட்டி
சத்தத்திலேயே சொல்வாள்:
கால். அரை. ஒண்ணுமில்ல, படு.
எனக்கு அந்தக் காது கிடையாது.
ஒரு மிதவை, ஆறு கம்பி, இந்தத் திரை,
சமையலறைச் சுவரில் ஓர் ஆணி.

திரைக்குள் ஆங்கிலம் இருக்கிறது.
ஜப்பான் எழுத்துகூட
ஏற்கெனவே குடியிருக்கிறது.
நமக்கென்று
எட்டே எட்டுக் காலி இடம்.
இருநூற்று நாற்பத்தேழில் எட்டு.
இடம் ஒன்றுக்கு
குறுக்கே ஐந்து, நெடுக்கே எட்டு,
நாற்பது புள்ளி. அதற்கு மேல் நிலம் கிடையாது.

கணக்கு நோட்டில் கட்டம் போட்டு
தண்ணீர் என்று தொடங்கினேன்.
மூன்று சுழி ண
ஐந்து கட்டத்தில் உட்கார மறுத்தது.
ஒரு சுழியை விழுங்கினால் ன,
பிதுக்கினால் நண்டு.
ஒன்றரை மணிக்கு
தண்ணை வெட்டிப் போட்டேன்.
குளிர்ச்சி போய் நீர் மட்டும் மிஞ்சியது.

நீ, ர். இரண்டு.
இ, ல்.
ல்லின் தலைப்புள்ளி ஒன்றுக்கே
ஒரு வரிசை முழுக்கப் போயிற்று.
லை நெஞ்சு அகன்றது. இரண்டாய்ப் பிளந்து
கொம்பு தனி, ல தனி.
நீர் இல்லை. ஆறு இடம்.
நீர் உண்டு என்று சொல்ல
மறுபடி அந்த ண கேட்டது.
மிச்சம் இரண்டில்
ஒரு வ, ஒரு கால்.
காலியானால் நீர் இல்லை,
குழாய் இருமத் தொடங்கினால் நீர் வா.
நிறைந்தால் பேசாது.
நிறைந்த வீட்டுக்கு அறிவிப்பு எதற்கு?

பக்கத்து வீட்டுப் பத்மாசனி மகன்
பொத்தானை அமுக்கி விளையாடினான்.
இலை. வலை. வால் இல்லை.
சிரித்துக்கொண்டே இன்னொன்று வைத்தான்:
நீலா.

நான் அதை வைக்கவில்லை.
நீ இருந்தது, ல இருந்தது, கால் இருந்தது.
தண்ணீருக்காக வாங்கிய எட்டு இடத்தில்
வாடகை இல்லாமல் அவள் இருந்திருக்கிறாள்.

நாலு மாதமாக ஜொகூரில், அக்காள் வீட்டில்.
விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர்,
பெரிய பெரிய திரைகளில்
இறந்த புள்ளி தேடும் வேலை.
போகும்போது கேட்டது ஒன்றுதான்:
"இந்த மேசையில சோறு வைக்கிறதா,
ஈயம் வைக்கிறதா?"
ஈயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே
பதில் தேடினேன்.

ஆ லோக்கின் மகன் வந்து பார்த்தான்.
"எட்டையும் அழிச்சு அழிச்சு எழுதலாம், அங்கிள்.
எட்டுதான்னு யார் சொன்னா?"
தெரியும் என்றேன்.
தெரியாது.
ஆனாலும் அழிக்கவில்லை.

நேற்று தொட்டி வறண்டது.
மேல் வரியில் நீர் இல்லை.
கீழ் வரி பதினாறு கட்டமும் சும்மா கிடந்தது.
நீலா வா என்று நிரப்பி
படம் எடுத்து அனுப்பிவிட்டு
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு மணிக்குக் குழாய் இருமிற்று.
இரண்டே காலுக்குக் கைப்பேசி.

"ல கோணலா இருக்கு.
தண்ணி வந்துச்சா?"

மூன்று சுழியும் முழுசாக இருந்தன.