நானூற்று ஐம்பது கிலோ

கோபாலபுரம் தாண்டினால் கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுவிடும்.
அதற்கு நூறடி முன்னால் சிக்கந்தர் எடைமேடை.
பதினொன்றரை மணி பஸ்ஸில் போய் இறங்கினேன்.
கணவாய்க் காற்று ஒரு மழையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது.
கணினித் திரையின் தலைமேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

வழக்கு இதுதான்:
இங்கே ஏறி இறங்கிய தேங்காய் லாரி
இருபத்து நாலாயிரத்து எழுநூற்று அறுபது.
கொழிஞ்சாம்பாறை எண்ணெய் ஆலையில் அதே லாரி
இருபத்து நாலாயிரத்து முன்னூற்றுப் பத்து.
நடுவில் கொஞ்சம் ரோடு, இரண்டு கள்ளுக்கடை,
திருமலைச்சாமி என்று ஒரு டிரைவர்.
மூன்று நாளாக வண்டிச் சாவி ஆலையில்.
அவர் மட்டும் பஸ் பிடித்து வந்து
ஈர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்,
என்னைப் பார்க்காமல்.

இந்தப் பெட்டிக்குள் இரண்டு நிரல்கள்.
ஒருவன் மேடையின் கம்பியைக் கேட்டுக்கொண்டே இருப்பவன்.
ஒருவன் சீட்டு அடிப்பவன்.
ஒருவன் வீட்டை மற்றவன் எட்டிப் பார்க்க முடியாது,
இயங்குதளம் அப்படிச் சுவர் வைத்திருக்கிறது.
ஆனாலும் எடை கைமாற வேண்டுமே,
அதற்கென்று கேட்டு வாங்கிய ஒரு துண்டு நினைவகம்:
இருவர் வரைபடத்திலும் வரும் புறம்போக்கு,
ஐந்து இலக்கம் அகலம்,
வேலி கிடையாது.

அன்றைக்கு முதலில் ஏறியது வைக்கோல் வண்டி.
0 8 7 6 0.
அது இறங்கிற்று. தேங்காய் ஏறிற்று.
கேட்பவன் புது எண்ணை இடப்பக்கமிருந்து எழுதினான்,
2
பிறகு 4
அங்கே அவன் முறை முடிந்துபோனது.
அடிப்பவன் வந்து எட்டிப் பார்த்தான்:
2 4 7 6 0.
தலை தேங்காய், வால் வைக்கோல்.
அவனுக்கு ஐந்து இலக்கம் இருந்தால் போதும்.
அடித்தான்.

நான் பூட்டுப் போட்டேன்.
ஒரே ஒரு கொடி. கொடி கையில் இருப்பவன் உள்ளே,
மற்றவன் வெளியே நிற்கட்டும்.
சரியாக ஓடியது. தேநீர்கூடக் கேட்டு வாங்கினேன்.
பிறகு, சோதித்துப் பார்க்கிற கெட்ட புத்தி,
கொடி கையில் இருக்கும்போதே அடிப்பவனைக் கொன்றேன்.
ஆள் போய்விட்டான். கொடி போகவில்லை.
கேட்பவன் நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.
வெளியே நான்கு லாரி, பிறகு ஒன்பது,
கடைசியில் ஹாரன் சத்தம் பாலத்துக்கு அப்பாலிருந்து வந்தது.
"மேடம், ஆச்சுங்களா" என்று சிக்கந்தர் மூன்று முறை.
செத்தவன் வந்து திருப்பித் தருவான் என்று
அத்தனை பேரும் வரிசையில்.

ஒன்றரை மணிக்கு இன்னும் நாலு வரி:
கொடி வைத்திருப்பவன் உயிரோடு இருக்கிறானா, கேள்.
இல்லையென்றால் எடுத்துக்கொள்.
அங்கே கிடக்கிற எண்ணை மட்டும் நம்பாதே,
மேடையிடம் போய்த் திரும்பக் கேள்.

ஆலைக்காரருக்கு நிரலைக் காட்டி என்ன பயன்?
காகிதத்தில் எழுதினேன், பழைய பதிவின் நகலோடு:
பிழை எண்ணில் நேர்ந்தது, ஆளிடம் இல்லை.
கீழே அதையே மலையாளத்தில்
பெட்டிக்கடைப் பிரசன்னன் எழுதிக் கொடுத்தார்;
என்னுடையதைவிட இரண்டு வரி நீளம்,
என்ன சேர்த்தார் என்று தெரியவில்லை.
சிக்கந்தர் முத்திரை குத்தினார், கொஞ்சம் கோணலாக.

திருமலைச்சாமி இரண்டு தடவை படித்தார்.
"அப்ப அந்த நானூத்தம்பது கிலோ எங்கீங்க போச்சு?"
"எங்கியும் போகலீங்க. அது இருக்கவே இல்ல."
"மூணு நாளாச் சொமந்தனுங்களே."

அதற்கு என்னிடம் வரி இல்லை.

ஒன்பது லாரிகளும் கடந்த பிறகு மேடை காலி.
சிவப்பு எழுத்து மட்டும் இருபது கிலோ காட்டிக்கொண்டிருந்தது.
டயர்கள் விட்டுப்போன சேறு.
அவரே எழுந்துபோய் மண்வெட்டி எடுத்து வழித்தார்.
பத்து. ஐந்து.
பூஜ்ஜியம் வரும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.