குறுங்கட்டுரை

தார்த்து நகரில், நூலகத்தின் பின்னறையில்,
ஹீட்டர் இருமத் தொடங்கும் நவம்பரில்
மதிப்பெண் போட அதற்குக் கற்றுக்கொடுத்தேன்.
நீளம் பார். அடிக்குறிப்புகளை எண்ணு.
படம் உண்டா, உட்தலைப்பு உண்டா,
எத்தனை கை பட்டது,
கடைசிக் கை பட்டு எத்தனை நாளாயிற்று.
பிறகு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில்
ஓர் எண்ணைச் சொல்.

சொன்னது.
கலைக்களஞ்சியம் முழுவதற்கும்,
ஒரே இரவில், ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காமல்.

ஒரு பண்ணை மாளிகைக்கு 0.94.
நாற்பத்தோரு அடிக்குறிப்பு, வம்சாவளி,
சமையலறைக் கூரையின் உயரம் உட்பட.
அப்படியொரு மாளிகையை யாரும் கட்டவே இல்லை என்று
ஜனவரியில் தெரிந்தது.
எழுதியது ஒரு பள்ளிப் பையன்,
கால் உடைந்து படுத்திருந்தானாம்.
ஏட்டுச் சுரைக்காயை நிறுக்க
எவ்வளவு நுட்பமான தராசு செய்திருக்கிறேன்!

பனிச்சாலைக்கு 0.31.
இரண்டே வரி.
கடல் உறைந்தால் தீவுக்குப் போகும் வழி இது.
பனி இருபத்தைந்து சென்டிமீட்டர் இல்லாமல் திறப்பதில்லை.

மதிப்பிட்டால் போதுமா, மேம்படுத்தவும் வேண்டாமா?
அதையும் கற்றுக்கொடுத்திருந்தேன்.
'சாலை' என்ற சொல்லைக் கண்டது;
சாலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்துவதை எடுத்து வந்து
மூன்றாவது வரியாக ஒட்டியது:
காரில் செல்வோர் இருக்கைப் பட்டை அணிய வேண்டும்.
சட்டப் பிரிவு எண்ணோடு.
0.38. பச்சை அம்புக்குறி.

அன்றிரவு பத்தரைக்கு ஹெல்தூர் என்று ஒருவர்
'வேண்டும்' என்பதை எடுத்துவிட்டு
'கூடாது' என்று போட்டார்.
சட்டப் பிரிவையும் அழித்தார்.
0.29.
பதினொரு விநாடியில் என் இயந்திரம் பழையபடி மாற்றியது.
காரணம்: விஷமத் தொகுப்பாக இருக்கலாம்.
அவர் மறுபடி. அது மறுபடி.
அவர் ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவர் என்பது
இடைவெளிகளைப் பார்த்தாலே தெரிந்தது.
அதற்கு விரலே இல்லை, அலுப்பும் இல்லை.

ஒன்பதாம் முறை, தொகுப்புச் சுருக்கத்தில்
முதல்தடவையாக ஏதோ எழுதினார்:
மூலம், நான் வின்ச் வைத்து மேலே இழுத்த இரண்டு கார்கள்.
இரண்டிலும் கொக்கி மாட்டியபடி இருந்தது.

அவ்வளவுதான்.
தேதி இல்லை, பதிப்பகம் இல்லை, பக்க எண் இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினேன்.
நிறுத்தியபோது மணி மூன்று இருக்கும்.
தரம் என்று ஒரு நெடுவரிசை இருந்தது என் அட்டவணையில்,
அதன் கீழே இருபத்தேழு அளவுகோல்கள்.
கார் மூழ்கும்போது கதவை எட்டுவதற்கு
ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் நேரம்
அதில் எங்கே வரும் என்று தேடினேன்.
எதிலாவது வரும் என்றுதான் தேடினேன்.

மறுநாள் சாலைத் துறைக்குத் தொலைபேசி.
ஆவண அறையில் மால்லே என்ற பெண்
பெருமூச்சு விட்டபடி இறங்கிப் போய்
தொண்ணூற்றாறாம் ஆண்டு அறிவிப்புத்தாள் ஒன்றை எடுத்தாள்.
ஓரத்தில் காபிக் கறை.
பனிமேல் பட்டை அணியாதீர், தெளிவாக, தடித்த எழுத்தில்.
வரியைத் திருத்தி, தாளை அடிக்குறிப்பாக்கினேன்.
0.47.
மேலே ஏறி நிற்கும் அந்தக் குட்டி ஒன்றைப் பார்த்துத்தான்
அதற்குச் சந்தோஷம். இருக்கட்டும்.

ஹெல்தூர் நன்றி எல்லாம் சொல்லவில்லை.
பேச்சுப் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்தார்:
இன்று துளையிட்டு அளந்தேன், பதினெட்டுதான் இருக்கிறது,
இந்த வருஷம் திறக்க மாட்டார்கள், அதையும் போடலாமா?
நானே போட்டேன், நான்காவது வரியாக.

காலையில் அதன் வாலில்
'சான்று தேவை' என்று தொங்கிக்கொண்டிருந்தது.
வேறு யாரோ எழுதிய வேறு இயந்திரம்.
அழிக்கவில்லை. கேட்டதில் தப்பில்லையே.
கரையில் அந்நேரம் அவர்
துளைக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
நேற்றைய துளைக்குப் பக்கத்தில்
இன்னொன்று போடப் போயிருப்பார்.