மைனஸ் பதினைந்துக்குக் கீழே

ஞாயிறு காலை போதகர் உப்பைப் பற்றிப் பேசினார்.
நான் கடைசி வரிசையில் இருந்தேன்,
இரவு வேலையின் ஈரம் காயாத பூட்ஸோடு.
சுவை என்றார், கெடாமல் காப்பது என்றார்.
கையைத் தூக்கிக் கேட்கலாம்போல் இருந்தது:
ஐயா, எத்தனை டிகிரியில்?

பதினெட்டுக் குளிர்காலமாகக் குஹ்மோவின் சாலைகளில்
உப்பு தூவுகிறேன்.
எனக்குத் தெரிந்த உப்பு சமையலறையில் இருப்பதில்லை.
அது என் லாரியின் அடிவயிற்றைத் தின்னும்,
நாய்களின் பாதங்களை எரிக்கும்,
வருடத்துக்கு ஒரு ஜோடிக் கையுறை காவு கேட்கும்.
தான் கரையாமல் அது எதையும் கரைத்ததில்லை.
இதுவரைக்கும் போதகரோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் மைனஸ் பதினைந்துக்குக் கீழே
உப்பு வெறும் வெள்ளைக் கல்.
பனிக்கட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு
வந்த வேலையை மறந்துவிடும்.

எனக்கும் அப்படி ஒரு வருடம் இருந்தது.
தவுனோ ஓவுலுவுக்குப் போனான், திரும்பவில்லை.
இரவெல்லாம் ஜெபித்தேன்.
சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே கிடந்தது,
காலையில் பார்த்தால் ஒன்றுகூடக் கரைந்திருக்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஓத்ஸோ ஹூர்ஸ்கைனனின் வீடு.
சாலையில் பனியை நான் ஒதுக்கினால்
அவன் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு விழும்.
விழத்தான் செய்யும், கலப்பை அப்படி.
நகராட்சிக்கு ஏழு கடிதம் எழுதினான்.
ஏழிலும் கெம்ப்பைனன் என்ற என் பெயர் பிழை.
கடையில் என்னைக் கண்டால்
ரொட்டி அலமாரியிலிருந்து மீன் அலமாரிக்கு நகர்வான்.

ஜனவரியில் ஓர் இரவு, மைனஸ் இருபத்தெட்டு.
ஆம்புலன்ஸ் பாதி மேட்டில் சுழன்று
பின்பக்கமாக வழுக்கி நிற்பதாகத் தொலைபேசி.
யார் வீட்டுக்கு என்று கேட்டேன்.
சொன்னார்கள்.
கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.
அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

உப்பு வண்டியை விட்டுவிட்டு
உடைத்த கல் ஏற்றினேன்.
கூழாங்கல் உதவாது, உருண்டுவிடும்.
உடைபட்டு முனை உள்ளதாக வேண்டும்.

கண்ணாடிபோல் உறைந்த மேட்டை
முன்னோக்கி ஏற முடியாது.
லாரியைத் திருப்பி, ரிவர்ஸில் ஏற வேண்டும்.
பின்னால் இருக்கும் தட்டு சுழன்று கல்லை வீசும்,
வீசிய கல்லின் மேல் சக்கரம் ஏறும்,
ஏறிய பிறகுதான் அடுத்த அடிக்குக் கல் விழும்.
எனக்கு முன்னே தெரிந்ததெல்லாம்
நான் விட்டு வந்த இருட்டு மட்டும்.
போகிற இடம் முதுகுக்குப் பின்னால்.
ஆண்டவரே என்றேன்,
அதற்கு மேல் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

கல் எதையும் உருக்குவதில்லை.
பனி பனியாகவே இருக்கும்.
கல் அதன் மேல் கிடந்து
கால் வைக்க ஓரிடம் தரும், அவ்வளவுதான்.
இதை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை.
தவுனோ போன வருடத்திலும்
நான் எப்படியோ நின்றுகொண்டுதான் இருந்தேன்,
எதன் மேல் என்று குனிந்து பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் மேலே போயிற்று, கீழே வந்தது.
ஓட்டுநர் கை அசைக்கவில்லை, கையைத் தூக்க முடிகிற சாலையா அது.

ஓத்ஸோ மார்ச்சில் வீடு திரும்பினான்.
முதல் வேலையாக எட்டாவது கடிதம் எழுதினான்,
வாசலில் வரப்பு, வழக்கம்போல.
என் பெயரில் இந்த முறை எழுத்துப் பிழை இல்லை.
மேஜையில் வைத்து இரண்டு முறை படித்தேன்.

கல் இப்போது எங்கும் இருக்கிறது.
பூட்ஸ் அடியில் ஒட்டிக்கொண்டு ஆலயத்துக்குள் வருகிறது,
தரை கீறுகிறது என்று சைமி என்னை முறைக்கிறாள்.
நற்கருணைக்கு மண்டியிடும்போது
ஒன்று முழங்காலில் குத்துகிறது.

மே மாதம் வந்தால்
போட்ட கல்லையெல்லாம் நானே பெருக்கி அள்ளுவேன்.
கிடங்கில் கழுவிச் சலிப்போம்.
மழுங்கியது பள்ளம் நிரப்பப் போகும்,
இன்னும் முனை உள்ளது
அடுத்த குளிருக்குக் குவியலில் ஏறும்.