கடல் மட்டம்

கையேட்டின் ஏழாம் பக்கம் சொல்கிறது:
கடல் மட்டத்தில் பதினைந்து பவுண்டு அழுத்தம்.

கடலே இல்லாத நாடு இது.
பொலிவியாவின் மேட்டுச் சமவெளியில்,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்,
தகரக் கூரை போட்ட சுகாதார நிலையத்தில்
ஃபோர்த்துனாதா டிக்கோனா
அந்தப் பதினைந்தை அடித்துவிட்டுப்
பக்கத்தில் இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறாள்.
பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

இங்கே தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தாறு டிகிரிக்கே குதிக்கத் தொடங்கிவிடும்.
விரல் பட்டால் கொப்புளம்,
மொச்சை மட்டும் மதியம் வரை கல்லாகவே கிடக்கும்.
கொதிப்பது வேறு, கொல்வது வேறு.
ஓட்டுக்குள் சுருண்டு படுத்திருக்கும் சில உயிர்கள்
அந்தக் கொதியில் குளித்துவிட்டு
உடம்பைத் துவட்டிக்கொண்டு எழுந்து வரும்.

ஆகவே மூடி. ஆகவே ஆறு திருகுகள்,
ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்க வேண்டியவை.
அதற்கும் முன்னால் பல் துலக்கும் பிரஷ்.
கத்தரியின் கீல் இடுக்கில் ஒரு கடுகளவு ரத்தம் நின்றாலும்
ஆவி அதைச் சமைத்து அங்கேயே ஒட்டிவிடும்.
கவ்விகளை வாய் திறந்தபடி அடுக்குகிறாள்.
மூடிய வாய்க்குள் என்ன இருக்கிறதென்று
யாருக்குத் தெரியும்?

முதலில் சீறுவது வெறும் காற்று.
அது முழுக்கப் போகும் வரை வால்வு திறந்தே இருக்கட்டும்.
காற்று உள்ளே தங்கிவிட்டால்
முள் சரியான எண்ணைக் காட்டும்,
சூடு அங்கே இருக்காது.

*

டாக்டர் ரூபென் அந்தேலோ தாழ்நிலத்துக்காரர்.
வந்து ஒன்பது நாள்.
நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.
அடுத்த அறையில் எலியோதோராவுக்கு வலி நெருங்கிவிட்டது.
"பதினைந்து வந்துவிட்டதே, எடுங்கள்."

ஃபோர்த்துனாதா திரும்பவில்லை.
இழுப்பறையை இழுத்து
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பியை
அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
உள்ளே மஞ்சள் திரவம்.

இங்கிருந்து போனபோது ஊதா.
கருவிகளோடு கருவியாக வெந்து,
லா பாஸ் ஆய்வகத்தில் இரண்டு நாள் கதகதப்பில் இருந்து,
மஞ்சளாகத் திரும்பி வந்தது.
மஞ்சள் என்றால் உள்ளே இருந்தவை சாகவில்லை.

அது பதினைந்தை நம்பிய வருடம்.
அந்த மாதம் தொமிங்காவின் தையல் பழுத்தது.
இதனால்தானா?
தெரியாது.
அந்தத் தெரியாததைத்தான்
ஒன்பது வருடமாக இழுப்பறையில் வைத்திருக்கிறாள்.

பதினாறு. பதினெட்டு.
எரிவாயு உருளை தீரும் வாசனை வந்தது,
மாற்று உருளையைக் கால்மாட்டிலேயே வைத்திருந்தாள்.
இருபது.
இருபத்திரண்டைத் தொட்ட பிறகுதான்
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
இனி முப்பது நிமிடம்.

பிள்ளை முப்பது நிமிடத்துக்குக் கட்டுப்படவில்லை.
பதினோரு நிமிடம் மிச்சமிருக்கையில் வந்தது, பெண்,
தலை நிறைய முடி, முகம் நிறையக் கோபம்.
தாயின் மார்பில் போட்டு
அல்பாக்காக் கம்பளியால் மூடினார்கள்.
கொடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
அதற்கு எந்த அவசரமும் இல்லை.
டாக்டர் இரு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி
வேலையற்று நின்றார்.

ஆவியைத் திறந்துவிட்டபோது
அது கூரைத் தகரத்தில் முட்டிச் சொட்டியது.
பொதி காய வேண்டும்.
ஈரத் துணி கிருமிக்கு ஏணி.
அதையும் அவர் கேட்கவில்லை.

வெளியே ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடுகள்.
அதை அவள் பாதிதான் நம்புவாள்.
ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால்
இங்கே அந்தச் சோறு நட்டநடுவில் இருந்து வர வேண்டும்.
கையுறை போட்டவர் பொதியைப் பிரித்தார்.
துணியின் கடைசி மடிப்பில் படுத்திருந்த காகிதத் துண்டு
கறுத்திருந்தது.
விளக்கருகே பிடித்து இரண்டாம் முறை பார்த்தார்.
பிறகுதான் கத்தரி.

பதிவேட்டில் தேதி, இருபத்திரண்டு, முப்பது,
கையெழுத்து.
குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

கத்தரி திரும்பி வந்தது.
ரத்தம் காயும் முன்
தண்ணீரில் போட்டாள்.