மெய் லிங்கின் அட்டை

மெய் லிங்குக்கு டெங்கி.
ஐம்பத்தெட்டு வெள்ளி திரும்பக் கிடைக்காதாம்.
ஆகவே ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு
லாவெண்டர் ரயில் நிலைய வாசலில்
அவள் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நான் நிற்கிறேன்.
ஒரே நாளில் ஐந்து விளையாட்டரங்கம்; மதியச் சாப்பாடு உண்டு.
ஜெரமி, பட்டியல் வைத்திருந்த பையன்,
அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
டிக் அடித்தான்.
மெய் என்று தொடங்கும் ஒரு பொய்யோடு
பஸ் ஏறினேன்.

ஜாலான் புசாரில் செயற்கைப் புல்.
கறுப்பு ரப்பர்த் துணுக்குகள் செருப்புக்குள் புகுந்து
நாள் முழுக்க என்னோடு வந்தன.
ஆட்டம் இல்லை. இன்று எங்குமே ஆட்டம் இல்லை.
காலி இருக்கைகளைப் பார்ப்பதுதான் சுற்றுலாவாம்;
இதை மெய் லிங் சொல்லவில்லை.

திரு. கோ எந்த அரங்கிலும்
ஏழாம் வரிசை, இருபத்து மூன்றாம் இருக்கையில்தான் உட்காருவார்.
மனைவி படம் எடுப்பார்.
ஜுனைதா கம்பத்து விளக்குகளை எண்ணுவாள்.
நான் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பேன்.

ஒகமோட்டோ மட்டும்
சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி
மூலைக் கொடியருகே புல்லில் விரித்தார்.
ஒசாக்காக்காரர். ஜூரோங்கில் பம்ப் பழுது பார்ப்பவர்.
போகிற திடலில் எல்லாம்
மனசுக்குள் ஒரு பேஸ்பால் மைதானம் போட்டுப் பார்க்கிறாராம்,
பதினோரு வருடமாக.
"இது ஹோம்" என்றார்.
காலடியால் அளந்துகொண்டே போனார்,
ஓரத்து வேலியில் போய் முட்டினார்.
திரும்பி வந்து
ஹோமை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

தோ பாயோவில் பந்து நீச்சல் குளத்தில் விழும் என்றார்.
ஹவ்காங்கில், எதிர் புளோக்கில்
ஐந்தாம் மாடி மூங்கிலில் காயும் சீருடைக்கு ஆபத்து.
தெம்பனிஸில் கண்ணாடிக்குப் பின்னால் நூலகம்.
அங்கே ஒரு சிறுவன் புத்தகத்திலிருந்து தலை தூக்கி
எப்போது ஆரம்பிப்பீர்கள் என்பதுபோல்
எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுப் பொட்டலத்தில் பன்றி இறைச்சி.
மெய் லிங் கேட்டிருந்தது.
"சாப்பிட மாட்டாயா, மெய் லிங்?"
"இன்றைக்கு மட்டும்" என்றேன்.
திரு. கோ தன் மீனைத் தள்ளி வைத்தார்.

கடைசி, பிடோக். மேகம் கறுத்துவிட்டது.
கைக்குட்டையை விரித்தார். அளந்தார்.
இந்த முறை எதிலும் முட்டவில்லை.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
பிறகு, "மெய் லிங் சான், இங்கே நில்லுங்கள்."

என் குடைதான் மட்டை.
பதினெட்டரை மீட்டர் தள்ளிப் போய்
இடக்காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி,
ஒன்றுமில்லாததை ஓங்கி வீசினார்.
இருபத்தாறு வருடம் அடுத்தவர் செலவைக் கூட்டிய தோள்
எப்படித் திரும்பியதோ, தெரியாது,
சுழற்றினேன்.
ஒகமோட்டோவின் கழுத்து மெல்ல மெல்ல
வானத்தைப் பார்க்கத் திரும்பியது.
பிறகு ஜுனைதாவின் கழுத்து,
ஏழாம் வரிசையில் எழுந்து நின்ற கோவின் கழுத்து,
ஜெரமி.

"ஃபவுல்!"
வாசலில், பையில் கட்டிய கோப்பியை உறிஞ்சியபடி
டிரைவர் ஹம்சா.
நாள் முழுக்க அவர் பேசிய ஒரே சொல்.
இல்லை என்றார் கோ. கோட்டுக்கு உள்ளேதான் என்றாள் ஜுனைதா.
எந்தக் கோடு என்று யாரும் கேட்கவில்லை.

அப்போது மின்னல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது.
எல்லோரும் கூரைக்கு ஓடினார்கள்,
ஓடியவர்களே திரும்பிக் கத்தினார்கள்:
"ஓடு, மெய் லிங், ஓடு!"
கூரைக்கா, சுற்றிக்கொண்டா?
எனக்கு மெய்யாகவே புரியவில்லை.
சுற்றித்தான் ஓடினேன்.
முதல் துளி விழுந்தபோது கைக்குட்டையை மிதித்தேன்.
அதில் என் செருப்பின் தடம், கறுப்பாக.
துவைக்க மாட்டேன் என்றார் ஒகமோட்டோ.

அடுத்த வாரம் மெய் லிங் வேலைக்கு வந்தாள்,
கன்னம் ஒட்டிப்போய்.
"எப்படி இருந்தது?"
அட்டையை அவள் மேசையில் வைத்தேன்.
"நன்றாக அடித்தாய்.
பந்து இன்னும் கீழே வரவில்லை.
ஹம்சா என்று ஒருவர் மட்டும்
வேறு மாதிரிச் சொல்கிறார்."